கொக்கிரகுளம் ஸ்டாப்

அந்த ஃபேனை நிறுத்தச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும், வாயைத் திறந்தால் அது வந்துவிடும், அதனால் பேசாமல் கிடக்கிறேன். பக்கத்துக் கட்டிலுக்கு மேலே சுற்றுகிற ஃபேன்தான், எனக்கு நேராக இல்லை, ஆனாலும் காற்றுக்கு எந்தக் கட்டில் யாருடையது என்று தெரியவா போகிறது, அது பாட்டுக்கு வருகிறது. வலது கன்னத்தைத் தலையணைப் பக்கம் திருப்பிக்கொள்ளலாமென்றால் உறை உரசும், அதற்கும் வரும். ஆகவே கூரையைப் பார்த்தபடி, மூச்சைக்கூடச் சின்னதாக விட்டுக்கொண்டு, முதுகில் நாடா கட்டிய பச்சை அங்கிக்குள் பயந்த பிள்ளை மாதிரி படுத்திருக்கிறேன். முகத்தில் சுற்றியிருந்த துண்டை சிஸ்டர் வாங்கி வைத்துக்கொண்டாள். ‘தியேட்டருக்குள்ள போறீங்க, துண்டெல்லாம் கூடாது அண்ணாச்சி’ என்றாள். இரண்டு வருஷமாக முகத்தோடு இருந்த துண்டு, அது இல்லாமல் கிடப்பது நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி இருக்கிறது. ஆவுடை உள்ளே இருந்தால் இந்நேரம் சுவிட்சைத் தேடிப்பிடித்து அணைத்திருப்பாள். யார் வீட்டுக்குப் போனாலும், கல்யாண மண்டபமே ஆனாலும், என் பெண்டாட்டியின் கண் முதலில் சுவிட்ச் போர்டைத்தான் தேடும். இப்போது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் வயர்கூடை, கூடைக்குள் என் சட்டை, கழற்றிக் கொடுத்த வெள்ளி அரைஞாண். வீட்டில் நாங்கள் படுக்கிற அறையில் ஃபேன் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. திருநெல்வேலியில் சித்திரை மாசத்துப் புழுக்கத்தில் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் படுத்திருப்பாள். கேட்டால் ‘எனக்குக் காத்து ஒத்துக்கிட மாட்டேங்கு, தும்மலா வருது’ என்பாள். கல்யாணமான நாளிலிருந்து ஃபேனுக்கு நேர் கீழே தன் பாயை விரித்துக்கொண்டு எனக்கு ஓரத்தை ஒதுக்கியவள் அவள். பொய் சொல்லத் தெரியாது, தெரியாமலே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வருகிறதா? காதுக்கு முன்னால் ஒரு துடிப்பு. இல்லை, போய்விட்டது. இதை வலி என்று சொல்வதே தப்பு. வலி எனக்குத் தெரியும், பஸ் கதவில் விரல் நசுங்கியிருக்கிறது, இடுப்பு பிடித்து நாலு நாள் எழுந்திருக்காமல் கிடந்திருக்கிறேன், அதெல்லாம் விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகிற வலி. இது கரண்டு. காதோரத்தில் பிடித்து மூக்கு வரைக்கும் ஒரே வெட்டு, முடிந்தால் ஒன்றுமே இல்லை, முகம் பழைய முகம். அடுத்தது எப்போது என்கிற பயம்தான் மிச்சம். வெட்டு நொடியில் போய்விடும், பயம் போகாது, எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளாக அது இருக்கிறது. பல் தேய்க்கப் பயம், சோறு மெல்லப் பயம், முகம் கழுவப் பயம். டவுன் பஸ் கண்டக்டருக்குக் காற்றும் பேச்சும் ஆகாதென்றால் அவன் என்ன கண்டக்டர்? துண்டைச் சுற்றிக்கொண்டு சைகையில் டிக்கெட் கொடுத்தேன், காலேஜ் பிள்ளைகள் எனக்குக் கொள்ளைக்கார அண்ணாச்சி என்று பேர் வைத்தார்கள். வலது கன்னத்தில் பிளேடு படக் கூடாது என்று இடது பக்கம் மட்டும் மழித்துக்கொண்டு அரைத்தாடியோடு திரிந்தேன். ‘என்ன அண்ணாச்சி, சாமிக்குப் பாதிதான் நேந்துக்கிட்டேளா?’ என்று ஒரு பூக்காரம்மா கேட்டாள். நல்ல கேள்வி, சிரித்துவிட்டேன், சிரித்ததற்கும் வெட்டியது. சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தால் ஆவுடை வாசலிலேயே கேட்பாள், ‘இன்னைக்கு எங்கன வந்துச்சு?’ ஒரு நாள் ஏதோ எரிச்சலில், வேடிக்கையாகவும்தான், ‘ஜங்ஷன்ல ஏறிக் கொக்கிரகுளத்துல எறங்கிட்டு’ என்றேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘ஜங்ஷன்னா காதா?’ என்றாள். அன்றோடு என் முகம் என் ரூட்டாகிவிட்டது. காது ஜங்ஷன், கன்னம் கொக்கிரகுளம், மூக்கோரம் வண்ணார்பேட்டை, மேலுதடு முருகன்குறிச்சி. தாடைப் பக்கம் கீழே இறங்கினால் டவுன். கண்ணும் நெற்றியும் ஹைகிரவுண்டு, அங்கே இதுவரை வண்டி போனதில்லை. இன்றைக்கு ஜங்ஷனிலேயே நின்றுவிட்டது என்றால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும், ரசத்தில் கூடுதலாக ஒரு கரண்டி நெய் விழும். வலி என்கிற சொல்லையே நாங்கள் வீட்டில் சொல்வதில்லை. அந்தச் சனியனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவானேன்.

முதலில் பல் என்றுதான் நினைத்தேன். பல் டாக்டர் பாவம், படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு என்றார். நான் விடவில்லை. பிடுங்கு என்றேன், பிடுங்கினார். அடுத்ததைப் பிடுங்கு என்றேன். கடைவாய் காலியானதுதான் மிச்சம், வெட்டு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் யாரோ சொல்லி நரம்பு டாக்டர், ஸ்கேன், இது முகத்து நரம்பில் வருகிற வலி என்று பேர் தெரிந்தது. மாத்திரை நன்றாகத்தான் கேட்டது முதலில். கூடக் கூடப் போட்டதில் தலை கிறுகிறுத்து, ரத்தத்தில் உப்பு குறைந்து, ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எந்த ஸ்டாப் என்று தெரியாமல் நின்றேன். கூட்டத்தைப் பார்த்தே ஸ்டாப் சொல்லுகிற ஆள் நான். டெப்போவில் உட்காரவைத்துவிட்டார்கள். அங்கிருந்துதான் இந்த ரெஜினா டாக்டரிடம் வந்தேன். வலிக்கென்றே தனி டாக்டர் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பாளையங்கோட்டைக்காரி, பேச்சில் அவசரம் கிடையாது. ‘மண்டையோட்டத் தொறந்து, நரம்புல இடிக்கிற ரத்தக்குழாய நகட்டி வைக்கலாம், ரொம்ப நல்ல வைத்தியம், ஆனா ஒங்க நெஞ்சுல ஸ்டென்ட் இருக்கு, அவ்வளவு நேரம் மயக்கம் குடுக்க எனக்கு மனசு வரல’ என்றாள். ‘சின்ன பலூன விட்டு நரம்ப அமுக்கிவிடலாம், அதுக்கும் முழு மயக்கம் வேணும். இன்னொண்ணு, கன்னத்து வழியா ஊசிய விட்டு, மண்டையோட்டுல இதுக்குன்னே ஒரு துவாரம் இருக்கு, அது வழியா நரம்பு முடிச்சு வரைக்கும் போயி, ஊசி முனையில கொஞ்சம் சூடு வைக்கிறது. வலி வார இழைய மட்டும் சுடணும். நடுவுல ஒங்கள எழுப்பி, ஊசி முனையில லேசாக் கரண்டு விட்டு, எங்க தெரியுதுன்னு கேப்பேன், நீங்க சரியாச் சொல்லணும், ஒங்க வாய்தான் எனக்கு வழிகாட்டி.’ கன்னத்தில் ஊசி என்றதும் ஆவுடை எழுந்து நின்றுவிட்டாள். டாக்டர் அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள், ‘கன்னம் மரத்துப்போகும். பல்லுக்கு ஊசி போட்டா மரக்கும்லா, அது மாதிரி. ஆனா அது சாயங்காலம் போயிரும், இது போகாது. எவ்வளவு மரக்கும்னு சூடு வச்சாத்தான் தெரியும்.’ ஆவுடை யோசிக்கவே இல்லை. ‘மரத்தா மரக்கட்டும் டாக்டரம்மா’ என்றாள். நான்தான் யோசித்தேன். யோசித்தது என்னவென்று யாரிடமும் சொல்ல முடியாது, பேரன் எடுக்கிற வயசில் இருக்கிறவன் சொல்லக்கூடியதா அது.

கை. அவ்வளவுதான், ஆவுடையின் வலது கை. கல்யாணமான புதிதில், தூக்கத்தில் அவள் கை என் வலது கன்னத்தில் வந்து விழும். ஆசையாகத் தடவுவதெல்லாம் கிடையாது, அந்த மாதிரி ஆளும் இல்லை அவள். கடையில் வாங்கின சாமான் கைமாறிப் போகாமல் மேலே கையை வைத்துக்கொள்வோமே, அப்படி வைத்துக்கொண்டு தூங்குவாள். உள்ளங்கை சொரசொரவென்று இருக்கும், பெருங்காய வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. பையன் பிறந்து நடுவில் படுத்த காலத்தில்கூட அவனைத் தாண்டி வந்துவிடும் அந்தக் கை. நான் அதைப் பற்றி அவளிடம் ஒரு நாளும் பேசியதில்லை. பேசினால் கூச்சப்பட்டு எடுத்துக்கொள்வாளோ என்று இருந்தது. இந்தச் சனியன் பிடித்த புதிதில் ஒரு விடியற்காலை, கை வழக்கம்போல வந்து விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் தெருநாய் குரைத்தது. எழுந்து உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஆவுடை, பாம்பைப் பார்க்கிற மாதிரி. அதிலிருந்து வலப்பக்கம் ஒருக்களித்து, அந்தக் கையைத் தன் உடம்புக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டுதான் தூங்குகிறாள். காலையில் கை மரத்துப்போய் உதறிக்கொண்டே அடுப்படிக்குப் போவாள். நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி கிடப்பேன். எனக்கு அந்தக் கை வேண்டும். மெல்ல வேண்டாம், சிரிக்க வேண்டாம், வண்டியில் ஏற வேண்டாம், அது வேண்டும். வலி போனால் கை வரும். ஆனால் கன்னம் மரத்துப்போனால் வந்தது எனக்கு எப்படித் தெரியும்? வருகிறபோது தெரிய வேண்டுமென்றால் வலி இருக்க வேண்டும், வலி இருந்தால் கை வராது. எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது. கொஞ்சமாகச் சுட முடியாதா என்று கேட்டேன், கொஞ்சமாகச் சுட்டால் வலி சீக்கிரம் திரும்பிவிடும் என்றாள் டாக்டர். நேற்றெல்லாம் ஒரு திருட்டு யோசனை. எழுப்பிக் கேட்பார்களே, எங்கே தெரிகிறது என்று, அப்போது தாடை என்று சொல்லிவிட்டால்? ஊசியை வேறு பக்கம் நகட்டுவார்கள், தாடையைச் சுட்டுக்கொள்ளட்டும், கன்னம் தப்பித்துவிடும். வலியும் தப்பித்துவிடும், அது வேறு. தாடை, தாடை என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இப்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், கட்டில் நகர்கிறது, கதவு திறக்கிறது, யாரோ காலைப் பிடித்து மேஜைக்கு மாற்றுகிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆவுடை கூடையோடு எழுந்து நிற்பது தெரிந்தது.

குளிர்கிறது. தலைக்கு மேலே வளைந்து நிற்கிற பெரிய எக்ஸ்ரே மெஷின், ஆளை அணைக்க வந்த மாதிரி. கையை அசைத்துவிடக் கூடாதென்று இரண்டு கையையும் துணிப்பட்டையால் மேஜையோடு கட்டினார்கள், முகத்தின் மேல் நடுவில் ஓட்டை வைத்த துணி. ‘கொஞ்ச நேரம் தூங்குங்க, ஊசி போறது தெரியாது. பிறகு எழுப்புவேன்’ என்கிறது ரெஜினா டாக்டரின் குரல். கையில் ஏறுகிற மருந்து சில்லென்று தோள் வரைக்கும் வருகிறது. தாடை. மறக்கக் கூடாது, தாடை. வண்டி ஜங்ஷனில் நிற்கிறது, நல்ல கூட்டம், உள்ள போங்க உள்ள போங்க, பாலத்தில் காற்று, ஆனால் துண்டு இல்லாமலே நிற்கிறேன், கீழே ஆற்றில் தண்ணீர் நிறைய, யாரோ என் பேரைச் சொல்கிறார்கள், குத்தாலிங்கம், குத்தாலிங்கம் அண்ணாச்சி, கண்ண முழிங்க. கன்னத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுவென்று ஓடுகிறது. வெட்டு இல்லை, குறுகுறுப்புதான். ‘எங்க தெரியுது அண்ணாச்சி?’ சொல்ல ஒரு சொல் யோசித்து வைத்திருந்தேன், அது எங்கே போயிற்று, பையைத் துழாவுகிறேன், கிடைக்கவில்லை. ‘கொக்கிரகுளம்’ என்றேன். ‘எங்க?’ ‘கொக்கிரகுளம் தாண்டி… வண்ணார்பேட்டை வருது.’ யாரோ சிரித்தார்கள், சிஸ்டராகத்தான் இருக்கும். ‘டூட்டியில இருக்காரு டாக்டர்.’ ரெஜினா டாக்டர் சிரிக்கவில்லை. ‘அண்ணாச்சி, பஸ்ஸில்ல, முகம். முகத்துல எங்க? கன்னமா, தாடையா, கண்ணா?’ எனக்கு அவள் கேட்பது புரிகிறது, நாக்குக்குத்தான் புரியவில்லை, நாக்கில் ஸ்டாப்தான் வருகிறது. கையால் காட்டலாமென்றால் கை கட்டிக் கிடக்கிறது. ‘கொக்கிரகுளம்’ என்றேன் மறுபடியும், டிக்கெட் எடுக்காதவனிடம் சொல்கிற மாதிரி கோபமாக. ‘சரியாத் தெரியாம நான் சூடு வைக்க மாட்டேன்’ என்கிறது டாக்டர் குரல். ‘தெளியட்டும், பாப்போம். இல்லன்னா ஊசிய எடுத்துட்டு இன்னொரு நாளைக்கு வச்சுக்கிடுவோம்.’ ஊசியை எடுக்கப் போகிறார்கள். நான் நினைத்தது நடக்கப் போகிறது. கன்னம் தப்பித்தது, அப்படியே வீட்டுக்குப் போகலாம், துண்டைச் சுற்றிக்கொண்டு, ஃபேன் இல்லாத அறைக்கு, உடம்புக்கடியில் கையை வைத்து அமுக்கிக்கொண்டு படுத்திருக்கிறவளிடம். கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் ஓடியது. ‘ஆவுடைக்குத் தெரியும்’ என்றேன். எப்படி வாயில் வந்ததோ, வந்துவிட்டது. ‘ஆவுடையக் கேளுங்க.’

அவளை உள்ளே விட்டார்கள். துணி ஓட்டை வழியாகப் பார்க்கிறேன், பச்சைத் தொப்பி, வாய்மூடி, உடம்பில் எக்ஸ்ரேக்குப் போடுகிற கனத்த ஈய அங்கி, அதன் பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறாள், கண் மட்டும்தான் ஆவுடை. என் கன்னத்தில் நிற்கிற ஊசியைப் பார்த்ததும் அந்தக் கண் ஒரு தடவை மூடித் திறந்தது. ‘அம்மா, இவரு கொக்கிரகுளம், கொக்கிரகுளம்னு சொல்லுதாரு. ஒங்களுக்கு ஏதும் வெளங்குதா?’ என்றாள் டாக்டர். ஆவுடை சொன்னாள். ‘அது எங்க வீட்டுப் பேச்சு டாக்டரம்மா. ஜங்ஷன்னா காது. கொக்கிரகுளம் இந்தா, இது.’ என்னைத் தொட வந்த கை பாதியில் நின்று, பழக்கத்தில் பின்னால் போய், தன் வலது கன்னத்திலேயே வைத்துக்கொண்டது. ‘வண்ணார்பேட்டைன்னா மூக்குப் பக்கம். எப்பவும் இவுகளுக்கு வாரது இந்த வழிதான். டவுன்னா தாடை. ஹைகிரவுண்டுன்னு சொன்னா நிறுத்திருங்க டாக்டரம்மா, அது கண்ணு.’ பிறகு ரெஜினா டாக்டர், ‘நீங்க இங்கனயே நில்லுங்கம்மா’ என்றாள். மறுபடியும் குறுகுறுப்பு, கொஞ்சம் தள்ளி. ‘டவுன்’ என்றேன், ஆவுடை தன் தாடையைத் தொட்டுக் காட்டினாள், ஊசி இம்மி நகர்ந்தது போலிருந்தது. ‘கொக்கிரகுளம்.’ கன்னம். ‘வண்ணார்பேட்டை.’ மூக்கோரம். நான் ஸ்டாப் சொல்லச் சொல்ல அவள் தன் முகத்தில் இறங்கி இறங்கிக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு அந்தச் சொல் ஞாபகம் வந்தது, தாடை. இனிமேல்கூடச் சொல்லலாம், ‘டவுன்’ என்று சொன்னால் போதும். ஆனால் அந்தப் பேச்சில் நான் ஆவுடையிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. ‘இந்த எடந்தானா? சூடு வைக்கட்டா?’ என்கிறது குரல். ஆவுடை தன் கன்னத்தில் கையை வைத்தபடி என்னைப் பார்க்கிறாள். இத்தனை வருஷம் என் கன்னத்தில் இருந்தபோது அந்தக் கை எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை, பார்க்கிற இடத்தில் நான் இல்லை. இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. நன்றாக மனசில் வைத்துக்கொண்டேன். ‘இந்த ஸ்டாப்தான்’ என்றேன், மறுபடியும் கையில் மருந்து சில்லென்று ஏறியது.

விழித்தால் வேறொரு அறை, வேறொரு கூரை. சிஸ்டர் குண்டூசியால் முகத்தில் குத்திக் குத்திக் கேட்டாள், கன்னத்தில் குத்தியது எனக்குத் தெரியவே இல்லை, தாடையில் சுருக்கென்றது, நெற்றியில் சுருக்கென்றது, கண்ணுக்கு ஒன்றுமில்லை, நல்ல இடத்தில் பட்டிருக்கிறது என்று டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனாள். சில வருஷம் கழித்துத் திரும்பி வரலாம், வந்தால் வரட்டும், மறுபடியும் பார்ப்போம் என்றாள். அரைத்தாடியை மயக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள், முகம் என்னுடையது மாதிரி இல்லை. தண்ணீர் குடித்துப் பார்த்தேன். உதட்டோரம் வழிந்தது தெரியவில்லை, ஆனால் குடித்தேன், மடக் மடக்கென்று, பயப்படப் பயப்பட வாய் நிறையக் குடித்தேன், எதுவும் வரவில்லை. காத்திருந்தேன், அப்போதும் வரவில்லை. ஆவுடை கூடையோடு உள்ளே வந்தாள், வந்தவள் என்னைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தாள். ‘ஐயோ, ஃபேனு!’ என்று சுவிட்சைத் தேடி ஓடினாள். அப்போதுதான் நானும் பார்த்தேன், ஃபேன் நேரே என் தலைக்கு மேல் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘அது முதல்லேருந்தே ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு’ என்றாள் சிஸ்டர். ஆவுடை சுவிட்சில் கையை வைத்தபடியே திரும்பினாள். என் மொழுமொழுவென்ற கன்னத்தைப் பார்த்தாள், முந்தானை காற்றில் பறப்பதைப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது. ‘இங்க வா’ என்றேன். வந்து நின்றாள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது, இருந்தாலும் கேட்டேன். ‘தூங்கும்போது வப்பியே, அத இப்ப வையி.’ எனக்கு அது தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது போல, முகம் சிவந்து சிஸ்டர் பக்கம் பார்த்தாள். சிஸ்டர் நல்ல பெண், எதையோ எடுக்கப் போகிற மாதிரி போய்விட்டாள். ஆவுடை கையைச் சேலையில் துடைத்தாள், நீட்டினாள், பாதியில் நின்றது, நான் பிடித்து இழுத்து என் வலது கன்னத்தில் வைத்தேன். பெருங்காய வாசனை வந்தது. வேறொன்றும் வரவில்லை. சொரசொரப்பு இல்லை, சூடு இல்லை, கனம்கூட இல்லை, பக்கத்து வீட்டுக் கன்னத்தில் யாரோ கை வைத்த மாதிரி. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரிந்தது, என் கன்னம் அவளுக்குத் தெரிந்தது, விரல் ஒவ்வொன்றாகப் படிந்து உட்காருவது அவள் முகத்தில் தெரிந்தது. ‘தெரியுதா?’ என்றாள் மெதுவாக. தெரிகிறது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும், அவள் எனக்காக ஃபேன் பிடிக்காது என்று சொல்லவில்லையா. ‘தெரியல’ என்றேன். அவள் கையை எடுக்கப் போனாள்.

‘எடுக்காத’ என்றேன்.